எஸ்டிஆர் வேலையை விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 7 மாதமாக எஸ்டிஆர் (விற்பனைப் பிரிவின் ஆரம்பநிலை ஊழியர்). முன்பின் தெரியாதவர்களுக்கு கோல்ட் கால் செய்து மீட்டிங் பிடித்துக் கொடுக்கும் வேலை. இரண்டு மாத இன்சென்டிவ் வரவில்லை. ராஜினாமா கடிதம் கொடுத்ததும், ஒன்றரை ஆண்டு பாண்டை (அதுவரை விலகமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை) மீறியதாகச் சொல்லி 2 லட்சம் கேட்கிறார்கள். தந்த பயிற்சி ஒரு வாரம்தான். ஒரிஜினல் சான்றிதழ்களும் அவர்களிடம் இருக்கின்றன.

பதில்: பாண்டு காத்திருக்கும், இன்சென்டிவ் காத்திருக்காது. கடைசி நாளன்று சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் மென்பொருள்) லாகினை முடக்கிவிட்டால், எத்தனை மீட்டிங் உங்கள் கணக்கில் என்பதற்கு ஆதாரமே இராது. இப்போதே மாதவாரியாக மீட்டிங் தேதி, விற்பனைப் பிரிவு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை, வர வேண்டிய தொகை மூன்றையும் எழுதி, மேலாளருக்கும் எச்ஆருக்கும் மின்னஞ்சல் அனுப்பி உறுதிசெய்யக் கேளுங்கள். சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போகட்டும். அதில் வாடிக்கையாளர் பெயரோ எண்ணோ வேண்டாம். லீட் பட்டியலை (வாங்க வாய்ப்புள்ளவர்களின் பட்டியலை) டவுன்லோட் செய்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66-ஆம் பிரிவுகளில் உங்கள் மீதே புகார் வரும்.

இன்சென்டிவ் திட்டக் கடிதத்தில், மீட்டிங் நடந்தாலே தொகையா, டீல் முடிந்தால்தானா என்று பாருங்கள். 'வழங்கும் நாளில் பணியில் இருப்பவருக்கு மட்டும்' என்ற வரி இருந்தால் உங்கள் தரப்பு பலவீனம்தான்.

21.11.2025 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 17(2)-ஆம் பிரிவுப்படி, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலைநாளுக்குள் சம்பள பாக்கியைத் தர வேண்டும். ஆனால் அதே சட்டம் 'ஊதியம்' என்பதிலிருந்து கமிஷனை விலக்குகிறது. நிறுவனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே சம்பளத்துக்குத் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். இன்சென்டிவுக்கு வக்கீல் நோட்டீஸ், மசியாவிட்டால் 3 ஆண்டுக்குள் சிவில் வழக்கு.

பாண்டுக்கு ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு பொருந்தும். எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 2025-இல் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2 லட்ச ரூபாய் பாண்டை ஏற்றது உண்மை. இப்போது எல்லா எச்ஆரும் அதைத்தான் நீட்டுகிறார்கள். ஆனால் அது பொதுத்துறை வங்கி. ஆள் தேர்வுக்கே பெரும் செலவாகும் என்பது அங்கே எடைபோடப்பட்டது. ஒரு வாரப் பயிற்சிக்கு 2 லட்சம் செலவானது என்று காட்டுவது இவர்களுக்குக் கடினம். நோட்டீஸ் காலத்தை மட்டும் முழுமையாக முடித்துவிடுங்கள். அதில் குறைந்தால் அந்தச் சம்பளத்தைப் பிடிப்பார்கள்.

சான்றிதழ்களை அடகுப் பொருள்போல வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. 7 நாள் கெடுவுடன் ஒப்புகை அட்டை வைத்துக் கடிதம் அனுப்புங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான சான்று) வாங்குங்கள்.

கணக்கு முடிக்கும் நாளில் 'பாக்கி ஏதுமில்லை' என்ற தாளை நீட்டுவார்கள். இன்சென்டிவ் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.