அமெரிக்க வெளியுறவுக் கொள்கையில் லாபக் கணக்கு மட்டும்தானா?

"அமெரிக்கா தன் லாபத்தை மட்டும்தான் பார்க்கும், மனித உரிமை என்பதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதிதான் சரி. அந்த அரசுக்குள்ளேயே இந்தச் சண்டை ஓய்ந்ததில்லை. வல்லரசுகளின் பலத்தையும் நாட்டின் நலனையும் வைத்தே கணக்குப் போடுபவர்களை யதார்த்தவாதிகள் என்கிறார்கள். ஜனநாயகமும் மக்கள் உரிமையும் முக்கியம் என்பவர்கள் அதிபர் வில்சன் வழிவந்தவர்கள். ஊரான் சண்டை நமக்கெதற்கு என்று ஒதுங்கச் சொல்பவர்களும் உண்டு.

முதல் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் மோதியது 1971-ல். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் டாக்காவில் வங்காளி மக்களைக் கொல்லத் தொடங்கியது. அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர் ஆர்ச்சர் பிளட், மூன்றே நாளில் "குறிவைத்த இனப்படுகொலை" என்று தலைப்பிட்டுத் தந்தி அனுப்பினார். ஏப்ரல் 6 அன்று இன்னொரு தந்தி போனது. தங்கள் அரசு அறத்தில் திவாலாகிவிட்டது என்ற பொருளில் எழுதி, அங்கே வேலை பார்த்த 20 அமெரிக்க அதிகாரிகள் அதில் கையெழுத்திட்டார்கள். மேலதிகாரியை எதிர்த்து ஒரு மனு எழுதவே நமக்கெல்லாம் கை நடுங்கும். இவர்கள் எதிர்த்தது வெள்ளை மாளிகையை.

அதிபர் நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சரும் அசையவில்லை. சீனாவோடு ரகசியமாகப் பேச அவர்களுக்குப் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் தேவைப்பட்டார். ஜூலையில் வயிற்றுவலி என்று சாக்குச் சொல்லிவிட்டு கிஸிஞ்சர் பெய்ஜிங் பறந்ததும் பாகிஸ்தானிலிருந்துதான். கிஸிஞ்சர் கொடுத்த ஒரு குறிப்பில், யாஹியாவை இப்போது நெருக்க வேண்டாம் என்று நிக்சன் தன் கைப்பட எழுதினார். அதில் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் கீழே மூன்று கோடு.

பலரும் இதை அறத்துக்கும் யதார்த்தத்துக்கும் நடந்த சண்டையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிகாரிகளின் தந்தியோடு பிளட் தனியாக ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: வங்காளிகள்தான் ஜெயிப்பார்கள், வங்கதேசம் உருவாகும், தோற்கப்போகும் பக்கத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழுவது முட்டாள்தனம். இது அசல் யதார்த்தவாதியின் கணக்கு. களத்தில் நின்று போட்ட கணக்கு என்பதால் பலித்தது. சீன உறவு கிடைத்ததே என்று கிஸிஞ்சர் தரப்பினர் கேட்பார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்ததை அந்தக் கணக்கில் யார் எழுதினார்கள்?

ஆக, எந்தச் சிந்தனை சரி என்பதைவிட, அதிபரின் காதுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதே அங்கே பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தபோது பிளட் அங்கே இல்லை. பல மாதம் முன்பே அவரைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். அவர் 2004-ல் இறந்தார். அதன்பின் டாக்காவிலுள்ள அமெரிக்க மையத்தின் நூலகத்துக்கு அவர் பெயரையே வைத்தது அமெரிக்க அரசு.