எதிர்க் கப்பல் மோதியது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்

டேங்கர் கப்பல் கொட்டிய எண்ணெய் மீன்வலையில் அப்பி இரண்டு வாரமாகத் தொழில் இல்லை, கப்பல் உரிமையாளரோ "மோதியது எதிர்க் கப்பல், நான் பொறுப்பல்ல" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சுக்கு மசியாதீர்கள். உங்கள் நாடு 1992 பொறுப்பு உடன்படிக்கையில் (கப்பல் எண்ணெய்க் கசிவுச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் பன்னாட்டு ஒப்பந்தம்) இருந்தால், யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்கவே வேண்டாம். எண்ணெய் கொட்டிய கப்பலின் உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். போர் போன்ற சில விலக்குகள் உண்டு. சாதாரண மோதல் அதில் சேராது. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்குக் காப்பீடு கட்டாயம் என்பதால், காப்பீட்டாளரிடமே நேரடியாக இழப்பீடு கேட்கலாம்.

தயவுசெய்து வலையைக் கழுவிவிடாதீர்கள்! பிசுபிசுப்போடு படமெடுத்து, ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிப் புட்டியில் மூடித் தேதி எழுதி வையுங்கள். அப்புறம், பழைய மீன் விற்பனைச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். வருமான இழப்புக்கு அவைதான் சாட்சி. சேதம் நடந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும்.