கேட்டில் திட்டினால் ஏழாம் வகுப்பில் ஏன் சண்டை?

பிள்ளைகளைவிட, காலையில் பள்ளி கேட்டருகே நடக்கும் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். தாமதமாக வருகிறவர்களை, தலைமை ஆசிரியரான நீங்களே மைக்கில் கண்டிக்கிறீர்கள், அப்படியும் ஏழாம் வகுப்பில் அடிதடி கூடுகிறது என்கிறீர்கள். தலைமை ஆசிரியரின் கோபம் பிள்ளைகளோடு நிற்காது. பக்கத்தில் நிற்கும் ஆசிரியர், அடுத்தது நமக்குத்தான் என்ற படபடப்போடு வகுப்புக்குள் போகிறார். அங்கே ஒருவன் ஸ்கேலைத் தட்டினால்கூட "வெளியே போடா"தான். ஒருவரின் மனநிலை குழுவுக்கே தொற்றும் என்பதை 2002-இல் நிறுவன உளவியல் ஆய்வாளர் சிகால் பார்சேட் தன் ஆய்வில் காட்டியிருக்கிறார்.

ஒரு வாரம் மைக்கைத் தொடாதீர்கள். தாமதமாக வந்தவர்களை நேரே வகுப்புக்கு அனுப்பிவிட்டு, இடைவேளையில் தனியாக விசாரியுங்கள். முதல் இரண்டு பீரியடில் உங்கள் அறைக்கு அனுப்பப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் குறித்து வாருங்கள். குறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது உதவாது. கோபத்தை முகத்தில் மறைத்தாலும் உடம்பின் படபடப்பு தணிவதில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. நடந்ததை வேறு கண்ணால் பார்ப்பதுதான் கைகொடுக்கும். பெங்களூரின் சில்க் போர்டு நெரிசலில் வேன் மாட்டிக்கொண்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆனால் தினமும் அடிப்பது ஒரே பையன் என்றால் இதெல்லாம் பொருந்தாது. வீட்டிலோ வேனிலோ அவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்புறம், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெற்றோர் யாராவது போனில் வீடியோ எடுப்பதற்கு முன் அந்த மைக்கை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.