கண் திறக்காமல் கிடப்பவருக்கு நாம் பேசுவது கேட்குமா?

கேட்கலாம். எனக்குக் கேட்டது. உங்கள் வீட்டிலும் யாரோ வென்டிலேற்றரில் கிடக்கிறார் போல. இல்லாவிட்டால் இப்படியொரு கேள்வி வராது.

என்னைக் கடித்தது விரியன் (கட்டுவிரியன்), வெள்ளை வளையம் போட்ட கறுப்புப் பாம்பு. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எங்கள் வயல். பன்றிக் காவலுக்குப் போய்க் கொட்டிலில் வெறுநிலத்தில் சாக்கை விரித்துப் படுத்திருந்தேன். கடித்தது தெரியவே இல்லை. புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தால் போல வீக்கமோ கடுப்போ இதில் இராது. விடியப்புறம் வயிறு முறுக்கியது, பிறகு இமை இரண்டும் தொங்கின. "இரவு குடிச்சிருப்பாய்" என்றார் மச்சான். நான் குடிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பேச்சும் விழுங்கலும் போய், அங்கே மூச்சும் தளர்ந்து, குழாய் போட்டார்கள்.

இந்த நஞ்சு முக்கியமாக வேலையைக் காட்டுவது நரம்பு தசையோடு சேரும் முனையில். அங்கே நரம்பு அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை வெளிவிட்டால்தான் தசை சுருங்கும். நஞ்சு அதை நிறுத்திவிடும். குளத்தில் தண்ணீர் இருக்கிறது, வாய்க்காலும் சரி, துருசு மட்டும் திறக்காத கதை. காதிலிருந்தும் தோலிலிருந்தும் மூளைக்குப் போகிற பாதையில் இந்தத் தடை இல்லை. மிஸ்ஸி ஊசி ஏற்றியபோது சுள்ளென்று வலித்தது, கையை இழுக்கத்தான் ஏலவில்லை. சூடு பட்டதும் கையை வெடுக்கென்று இழுப்பது மூளையைக் கேளாமல், முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணே செய்கிற வேலை. ஆனால் அதன் கட்டளையும் அதே முனையைத் தாண்டித்தானே தசைக்குப் போக வேண்டும்! எதிர்மருந்து ஏற்றினாலும், கெட்ட நரம்பு முனை தேறி வரும்வரை மெஷின்தான் மூச்சு விட்டது.

டொக்டர்மார் சண்டைக்கு வர வேண்டாம். தலையில் அடிபட்டவர், மூளையில் இரத்தம் கசிந்தவர், மயக்க மருந்தில் கிடப்பவர் எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்லவில்லை. விரியன் கடியிலேயே நினைவு மங்குகிறவர்களும் உண்டு. எனக்கும் இடையிடையே மங்கியது. ஆனால் இந்தக் கடியில் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமலும் போகலாம், அதை வைத்து மூளை செத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. "இனி ஆள் இல்லை" என்று சொந்தக்காரர் சொன்னதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

அதனால் பேசுங்கள். நீங்கள் யார், இப்போது இரவா பகலா, வெளியே மழையா என்று சொல்லுங்கள். நேரம் தெரியாமல் கிடந்ததுதான் எனக்குப் பெரிய அந்தரம்.

இன்னொன்று. மச்சான் கட்டிலடியில் நின்று என் மனிசியிடம், "இவற்றை வோட்டர் பம்ப் என்னட்டத்தான் கிடக்குது தங்கச்சி, நாளைக்கே கொண்டு வாறன்" என்று அழுதார். நான் எழும்பி வந்து கேட்டால், "நீர் நினைவில்லாமல் கிடந்தனீர், கனவு கண்டிருப்பீர்" என்கிறார். இந்தச் சிறுபோகத்தில் மிளகாய்த் தோட்டத்துக்கு வாடகைப் பம்பில்தான் இறைத்தேன். மனிசியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அழுத அழுகையில் அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லையாம்.