கத்தரிப் பாத்தியில் ராஸ்பெரி வேண்டாம்

கேள்வி: கணவர் ஓய்வு பெற்றதும் டர்பனின் சாட்ஸ்வர்த்தை விட்டு, தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையடியில் இருக்கும் அண்டர்பெர்க்கில் குடியேறினோம். ஜூன், ஜூலை விடியற்காலைகளில் குழாய்த் தண்ணீரே உறைந்துவிடுகிறது. டிசம்பர் விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்ன, கோடையில் காய்க்கும் ராஸ்பெரி வைக்க ஆசை. எந்த வகை இந்தக் குளிரைத் தாங்கும்? ஸ்காட்லாந்தில் இருக்கும் என் தம்பி, ‘கிளென் ஆம்பிள்தான் நல்லது, வரும்போது நாலு தண்டு கொண்டுவருகிறேன்’ என்கிறான். போன வருடம் கத்தரி போட்ட பாத்தி காலியாகத்தான் கிடக்கிறது.
– ஒரு வாசகி, அண்டர்பெர்க்

பதில்: முதலில் தம்பிக்குப் போன் செய்து தடுத்துவிடுங்கள், அம்மா. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளிநாட்டுச் செடியை இங்கே இறக்குவது சட்டப்படி குற்றம். பெட்டியில் ஒளித்து வரும் தண்டோடு வேரழுகலும் வைரஸும் சேர்ந்து வரும். உள்ளூர் நர்சரியில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

குளிரைத் தாங்குமா என்ற கவலையே உங்களுக்கு வேண்டாம். கனடாவின் மனிடோபாவில் உருவான ‘பாய்ன்’ வகை மைனஸ் 30 டிகிரியையும் தாங்கும். உங்கள் குழாய் உறைவதெல்லாம் அதற்கு விளையாட்டு. ராஸ்பெரி குளிரைக் கேட்டு வாங்கும் செடி. 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 800 மணி நேரமாவது கிடைத்தால்தான் கோடை வகைகள் ஒழுங்காகத் துளிர்க்கும். அண்டர்பெர்க்கில் அதற்குப் பஞ்சமில்லை.

உங்களுக்குத் தொல்லை வேறு இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்று, ஆகஸ்டில் மலையிலிருந்து இறங்கும் பெர்க் காற்று. இரண்டு நாள் சூடாக வீசி, ‘வசந்தம் வந்துவிட்டது’ என்று செடியை ஏமாற்றும். மொட்டு விரிந்த மறுவாரமே உறைபனி கருக்கிவிடும். அதனால் சீக்கிரம் விழித்துக்கொள்ளும் வகைகளை நான் வாங்கமாட்டேன். மற்றொன்று மழை. ஸ்காட்லாந்துப் புத்தகங்களைப் படித்துத் தோட்டம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் பழம் பழுக்கும் டிசம்பர், ஜனவரியில்தான் இடியும் ஆலங்கட்டியும் கொட்டும். தண்ணீர் தேங்கினால் ஒரே மழைக்காலத்தில் வேர் அழுகிச் செடி சாயும்.

இதை வைத்துப் பார்த்தால், தம்பி சொல்லும் கிளென் ஆம்பிள் முள்ளில்லாதது, காய்ப்பும் அதிகம்; ஆனால் வேரழுகலுக்குச் சீக்கிரம் இரையாகும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ‘துலமீன்’ நீளமான, இனிப்பான பழம், சற்றுத் தாமதமாகப் பழுக்கும். குழந்தைகள் வாயில் போட அதைவிட நல்லது இல்லை. அதுவும் வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. மினசோட்டாவில் 1920-இல் வெளியான ‘லேதம்’ வேரழுகலை நன்றாகத் தாங்கும், பழம்தான் சிறியது, உதிரும் குணமுள்ளது. களிமண் என்றால் லேதம், சரிவும் வடிகாலும் இருந்தால் துலமீன். நானாக இருந்தால் இரண்டையும் ஆறு ஆறு செடி வைப்பேன்.

கத்தரிப் பாத்தியைத் தொடவே தொடாதீர்கள். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு நின்ற மண்ணில் வெர்டிசிலியம் என்ற வாடல் பூஞ்சை ஒளிந்திருக்கும். ராஸ்பெரியையும் அது விடாது. வேறு இடத்தில் முப்பது சென்டிமீட்டர் உயர மேட்டுப் பாத்தி கட்டி, ஜூலையில் அரை மீட்டருக்கு ஒன்றாக நட்டு, மேலே ஆலங்கட்டி வலை போடுங்கள்.

நான் நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊரில் முதன்முதலில் வைத்தபோது, அட்டையில் ‘ராஸ்பெரி’ என்று மட்டும் எழுதியிருந்த செடியை வாங்கிவந்தேன். விற்றவர், ‘குளிர்காலத்தில் தரையோடு வெட்டுங்கள்’ என்றார். இலையுதிர் காலத்தில் காய்க்கும் வகைக்கு அது சரி. என்னுடையதோ கோடை வகை. அது போன வருடத் தண்டில்தான் காய்க்கும். இரண்டு குளிர்காலம் சுத்தமாக வெட்டினேன், இரண்டு கோடையும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆகவே, பழம் கொடுத்து முடித்த, பட்டை உரிந்த பழுப்புத் தண்டை மட்டும் அறுவடை முடிந்ததும் அடியோடு எடுங்கள். அந்த ஆண்டு முளைத்த பச்சைத் தண்டைக் கம்பியில் கட்டிவையுங்கள்.

இந்த டிசம்பரில் பழம் வராது, அடுத்த டிசம்பர் கடைசியில் வரும். பேரப்பிள்ளைகளிடம் பிடித்து இழுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பழுத்தது விரல் பட்டதும் கழன்றுவரும். வெள்ளைக் காம்புக் குருத்து செடியிலேயே நிற்கும், பழம் உள்ளே குழிவாகத் தொப்பிபோல் கையில் இருக்கும். குருத்தோடு வந்தால் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் வராந்தாத் தொட்டியில் துலமீன் வளருமா?
– ஒரு வாசகர், டர்பன்

பதில்: வளரும், காய்க்காது. கடலோரக் குளிர் அதற்குப் போதாது, ஐயா. ஒரு மல்பெரிக் குச்சியை நடுங்கள். துணி காயும் கொடியிலிருந்து தள்ளி.