கேள்வி–பதில்: கிரைண்டிங் ஸ்பிண்டில் கடைதல்

கேள்வி: லேத்துக்கான (கடைசல் இயந்திரம்) கிரைண்டிங் இணைப்பு ஒன்றை நானே செய்கிறேன். அதன் ஸ்பிண்டிலை (சாணை வீலைச் சுழற்றும் தண்டு) ஒரு முனையில் சக்கில் (வேலைப்பொருளைத் தாடைகளால் பிடிக்கும் பகுதி) பிடித்துக் கடைந்து, பின்பு திருப்பிப் போட்டு மறுமுனையைக் கடைந்தேன். பேரிங் அமரும் இரண்டு இடங்களும் ஒரே மையத்தில் அமையவில்லை. எப்படிச் சரிசெய்வது?

பதில்: திருப்பிப் போட்டதில்தான் மையம் விலகியிருக்கிறது. மூன்று தாடைச் சக்கு நல்ல நிலையில் இருந்தாலும், எடுத்து மாட்டும்போது நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர் விலகுவது அதன் இயல்பு. கிரைண்டிங் ஸ்பிண்டிலுக்கோ 0.005 மில்லிமீட்டர் ஆட்டமே அதிகம் என்பேன். ஆகவே, இரு முனைகளிலும் 60 டிகிரி மையக்குழியிட்டு, தண்டை இரண்டு சென்டர்களுக்கு (மையக்குழியில் நுழைந்து தண்டைத் தாங்கும் கூம்பு முனைகள்) இடையே பிடித்துக் கடையுங்கள். ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கத்துக்கு, சக்கில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து அதை அங்கேயே 60 டிகிரிக்குக் கடைந்து, கழற்றாமல் சென்டராகப் பயன்படுத்துவதே நம்பகமானது. முதலில் எல்லா இடங்களையும் 0.3 மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கடைந்து, தண்டு முழுவதும் ஆறிய பிறகே கடைசி வெட்டுக்குச் செல்லுங்கள். சூடான தண்டில் எடுத்த அளவு ஆறியதும் குறைந்துவிடும். கேரியர் (சென்டர்களுக்கு இடையே தண்டைச் சுழற்றும் பிடி) பிடிக்க ஒரு முனையில் கூடுதல் நீளம் விட்டால், இரண்டு பேரிங் இடங்களையும் வீல் அமரும் டேப்பரையும் (கூம்புப் பகுதி) ஒரே பிடிப்பில் முடிக்கலாம்.

ஸ்பிண்டிலைத் தாங்கும் உறையின் பேரிங் துளைகளையும் ஒரே பிடிப்பில் குடையுங்கள். முன்பக்கம் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் (நீளவாக்குச் சுமையையும் தாங்கும் பேரிங்) ஜோடியை நிலையாகப் பூட்டி, பின்பக்கப் பேரிங்கை நீளவாக்கில் நகரும்படி விட்டால், சூட்டில் தண்டு நீளும்போது பேரிங்குகள் இறுகாது.

ஓட்டுமுன் வீலில் அச்சிட்டுள்ள வேக வரம்பைப் பாருங்கள்: 100 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடினால், விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர்.