அம்மா மறுக்கிறார், ஆலோசனைக்கு எப்படிக் கேட்பது?

கேள்வி: எனக்கு 16 வயது. பிறப்புச் சான்றிதழில் பெண் என்று இருக்கிறது. ஆனால் சிறு வயதிலிருந்தே என்னை ஆணாகத்தான் உணர்கிறேன். பருவமடைந்த பிறகு கண்ணாடி பார்க்கவே கூசுகிறது, தூக்கமும் படிப்பும் கெட்டுவிட்டன. பாலின அடையாளம் பற்றி அறிந்த மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகும்படி அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு என்ன பைத்தியமா? எல்லாம் செல்போனால் வந்த வினை" என்று பேச்சை முடித்துவிட்டார். மறுபடி எப்படிக் கேட்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: "பைத்தியமா?" என்ற கேள்வியில் கோபத்தைவிட அச்சமே அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆலோசகரிடம் போனாலே பிள்ளைக்கு மனநோய் என்று முத்திரை விழுந்துவிடும் என்று அவர் நினைக்கிறார். வியப்பு என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்த உணர்வு மனநோய் இல்லை என்றே சொல்கிறது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பாலின முரணை (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் ஒருவர் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை) மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் நலம் சார்ந்த நிலைமைகளின் கீழ் வைத்துவிட்டது. ஆகவே "எனக்குப் பைத்தியம் இல்லை அம்மா, தூக்கம்தான் இல்லை" என்று தொடங்குவது உண்மையும் ஆகும், அவருடைய பயத்துக்குப் பதிலும் ஆகும். செல்போன் பற்றி வாதாட வேண்டாம், அதில் ஜெயித்தாலும் உங்களுக்குப் பயனில்லை.

அவருடைய இன்னொரு பயம், ஆலோசனை என்றால் மறுநாளே மருந்தும் அறுவை சிகிச்சையும் என்பதாக இருக்கலாம். மனநல ஆலோசனை என்பது பேசுவதும் கேட்பதும்தான், ஆலோசகர் மருந்து எழுதுவதில்லை. திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022இல் வெளியிட்ட 8ஆம் பதிப்பு வழிகாட்டுதல்கள், வளரிளம் பருவத்தினருக்கு மருத்துவ சிகிச்சை எதையும் தொடங்குமுன் விரிவான மதிப்பீடு வேண்டும் என்றும், தீங்கு நேராத வரையில் பெற்றோரையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கின்றன. தன்னை ஒதுக்கிவிட்டு எதுவும் நடக்காது என்று தெரிந்தால் அம்மாவின் பிடிவாதம் சற்றுத் தளரக்கூடும்.

கேட்கும்போது சிறிதாகக் கேளுங்கள். உங்கள் அடையாளத்தை அவர் இன்றே ஏற்க வேண்டும் என்பது ஒரு கோரிக்கை, ஒரே ஒரு முறை ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்பது வேறொரு கோரிக்கை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் முதலாவதற்கான மறுப்பு இரண்டாவதன் மீதும் விழும். "நான் சொல்வதை நீ இப்போதே நம்ப வேண்டாம், நான் படும் கஷ்டத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும், விரும்பினால் முதலில் நீ மட்டும் போய்ப் பேசிவிட்டு வா" என்று சொல்லலாம். நேரில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதிக் கொடுங்கள். கடிதத்தோடு யாரும் குறுக்கே பேச முடியாது, கோபம் தணிந்தபின் இரண்டாம் முறை படிக்கவும் முடியும்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உங்களை "மாற்றிவிடுவதாக" உறுதி தருபவரிடம் அம்மா அழைத்துப் போக முன்வந்தால், அது நீங்கள் கேட்ட உதவி அல்ல. அப்படி ஒருவரின் பாலின அடையாளத்தை மாற்றப் பார்க்கும் முயற்சிகள் தீங்கானவை. அவற்றை உலகெங்கும் தடைசெய்ய வேண்டும் என்று பாலின அடையாளம், பாலியல் நாட்டம் தொடர்பான ஐக்கிய நாடுகள் அவையின் சுயேச்சை நிபுணர் 2020இல் அழைப்பு விடுத்திருக்கிறார். நல்ல ஆலோசகர் நீங்கள் இன்னார்தான் என்று முடிவு கட்டவும் மாட்டார், இல்லை என்று மறுக்கவும் மாட்டார். நீங்கள் சொல்வதில் எதை அம்மாவிடம் தெரிவிப்பார், எதைத் தெரிவிக்க மாட்டார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

அம்மா மீண்டும் மறுத்தால், பள்ளியின் ஆலோசகரையோ குடும்ப மருத்துவரையோ அணுகித் தூக்கமின்மையை முன்வைத்துப் பேச்சைத் தொடங்கலாம். அம்மா மதிக்கும் உறவினர் எவரையாவது துணைக்கு அழைக்கலாம், ஆனால் அவர் ரகசியம் காப்பவரா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ உடலைக் காயப்படுத்தும் எண்ணமோ வருமானால் அம்மாவின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல், நம்பும் பெரியவர் ஒருவரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.